வீட்டுக் கணினிக்குப் பல் பிடித்துப் பார்ப்பது

ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கத்தில் ஒரு நடுத்தரக் குடும்பத்துக் கணினி என்னென்ன வேலை செய்கிறது என்று எண்ணிப் பார்த்தால், அவை விரல் விட்டு எண்ணக்கூடியவைதான். பிள்ளையின் பள்ளி ப்ராஜெக்ட், பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பம், பட்டா சிட்டா எடுப்பது, மின்கட்டணம் கட்டுவது, வெளியூரில் வேலையில் இருக்கும் மகளோடு முகம் பார்த்துப் பேசுவது, சாயங்காலம் யூடியூப். வீட்டிலிருந்தபடியே இரண்டு மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவர் இருந்தால் டேலி என்ற கணக்கு மென்பொருளும் சேர்ந்துகொள்ளும். இவற்றில் எதுவும் கணினியைக் கசக்கிப் பிழிகிற வேலை கிடையாது. ஆனாலும் 2014-லோ 2016-லோ வாங்கிய கணினியை வைத்திருக்கிற வீடுகளில் இப்போது ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப எழுகிறது: இதை மாற்றத்தான் வேண்டுமா, மாற்றுவதென்றால் குறைந்த செலவில் எதை வாங்குவது?

கேள்வி எழுந்ததற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதற்கு அடுத்ததான விண்டோஸ் 11, 2021 அக்டோபரில் வெளிவந்தபோதே சில நிபந்தனைகளோடு வந்தது. 4 ஜிபி ரேமும் (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) 64 ஜிபி சேமிப்பிடமும் எளிதில் நிறைவேறுகிற நிபந்தனைகள். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு, பாகங்கள் எல்லாம் இணையும் பலகையான மதர்போர்டில் இருக்க வேண்டும் என்பதும், கணினியின் மூளையான பிராசசர் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருக்க வேண்டும் என்பதும்தான் பல வீடுகளில் இடறிவிட்டன. இன்டெல் பிராசசர் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையிலிருந்தும், ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையிலிருந்தும்தான் அந்தப் பட்டியல் தொடங்குகிறது. எட்டாம் தலைமுறை வெளிவந்தது 2017-இல். ஆகவே அதற்கு முந்தைய கணினி எவ்வளவு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தாலும், மைக்ரோசாஃப்டின் கணக்கில் அது வரிசைக்கு வெளியே நிற்கிறது.

வெளியே நின்றால் என்ன ஆகும் என்பதை விண்டோஸ் 7-இன் கதையிலிருந்து தெரிந்துகொள்ளலாம். அதற்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. அன்றைக்கே எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. ஆனால் 2023 பிப்ரவரியில் வந்த கூகுள் குரோமின் 110-ஆம் பதிப்பு விண்டோஸ் 7-இல் ஏற மறுத்துவிட்டது. உலாவி பழையதாகத் தங்கிவிட்டால், காலப்போக்கில் சில இணையதளங்கள் சரியாகத் திறக்கா. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளும் அடைபடா. பாட்டு கேட்க மட்டும் வைத்திருக்கும் கணினிக்கு இது பெரிய விஷயமில்லை. வங்கிக் கணக்கைத் திறக்கிற கணினிக்கு இது பெரிய விஷயம். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பதிவு செய்துகொண்டால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மட்டும் நீட்டித்துக்கொள்ள ஏற்பாடு செய்யப்பட்டது. யோசிப்பதற்கான அவகாசம் என்று மட்டுமே அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

கிணற்று மோட்டார் நின்றுவிட்டால் நம் ஊரில் யாரும் அன்றைக்கே புது மோட்டார் வாங்கப் புறப்படுவதில்லை. ஃபேஸ் வருகிறதா, கெப்பாசிட்டர் போய்விட்டதா, காயில் புகைந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, காயில் கட்டினால் ஓடும் என்றால் கட்டி ஓட்டுவோம். வீட்டுக் கணினியை மட்டும் 'ஸ்லோ ஆயிருச்சு' என்ற ஒரே சொல்லோடு ஓரங்கட்டிவிடுகிறோம். மெதுவாகிவிட்டது என்பது நோயின் பெயர் இல்லை. அது பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி.

அந்த நோய்களில் பெரும்பான்மை ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் என்பது நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டின் மேல் ஒரு முள் நகர்ந்து நகர்ந்து படிக்கிற கருவி. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு முள் நகர்ந்து, தட்டு சுழன்று, வேண்டிய பகுதி கீழே வந்து சேரப் பத்து மில்லி நொடிக்கு மேல் ஆகும். அதாவது நொடிக்குச் சுமார் நூறு இடங்களைத்தான் அது தொட முடியும். இன்றைய விண்டோஸோ, கணினியை இயக்கிய முதல் சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கிறது. பிராசசர் சும்மா காத்திருக்க, ஹார்ட் டிஸ்க் மட்டும் நூறு சதவீதத்தில் திணறிக்கொண்டிருக்கும். விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் இந்தக் காட்சி அப்படியே தெரியும். எஸ்எஸ்டி என்ற சிப்பு வகைச் சேமிப்பகத்தில் சுழலும் பாகமே இல்லாததால், ஒவ்வொரு தேடலும் மில்லி நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவில் முடிந்துவிடுகிறது. பத்தாண்டு வயதான கணினியிலும் ஹார்ட் டிஸ்க் மாட்டுகிற சாட்டா இணைப்பு இருக்கும். இரண்டரை அங்குல எஸ்எஸ்டி ஒன்றை அதில் மாட்டிவிடலாம். ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்ட கணினி அரை நிமிடத்தில் திறப்பதைப் பார்த்துவிட்டு, வீட்டில் இருப்பவர்கள் புதுக் கணினி என்ற பேச்சையே விட்டுவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அடுத்த நோய் பஞ்சு. இது நம் பகுதிக்கே உரிய நோய் என்றுகூடச் சொல்லலாம். பல்லடம், சோமனூர்ப் பக்கத்தில் வீட்டோடு ஒட்டித் தறிக்கூடம் இருக்கிற இடங்களில், கணினியைத் திறந்து பார்த்தால் பிராசசருக்கு மேலே இருக்கும் விசிறிக்கும் அதன் கீழுள்ள அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் பஞ்சு மெத்தை போலப் படிந்திருக்கும். உடுமலை, தாராபுரம் பக்கத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் ஆடிக் காற்று செம்மண் தூசியைக் கொண்டுவந்து சேர்க்கிறது. காற்றோட்டம் அடைபட்ட பிராசசர் சூடேறியதும், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேல் சூடேறினால் கணினி தானாகவே அணைந்துவிடும். சித்திரை வெயிலில் மட்டும் அடிக்கடி அணைந்துபோகிற கணினிக்கு வேண்டியது ஒரு சின்ன பிரஷ்ஷும் புதிதாகத் தடவ வேண்டிய, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டும்தான்.

தேதி பின்னோக்கிப் போய், எந்த வங்கித் தளமும் 'பாதுகாப்பற்றது' என்று சொல்லித் திறக்க மறுத்தால், மதர்போர்டில் இருக்கும் காசு அளவிலான சிஆர் 2032 பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். சில பத்து ரூபாய் வேலை இது. இதைக்கூடப் பார்க்காமல் கணினி போய்விட்டது என்று கடைக்காரர் சொல்லி, ஒரு குடும்பம் அதை நம்பி வேறொன்று வாங்கியதை நான் அறிவேன்.

இவை எல்லாவற்றையும் பார்த்த பிறகு வயதைப் பார்க்க வேண்டும். கணினி எட்டாம் தலைமுறையைச் சேர்ந்ததாக இருந்தும் 'விண்டோஸ் 11 ஏறாது' என்று திரையில் வந்தால், அவசரப்பட வேண்டாம். அந்தக் காலத்து மதர்போர்டுகள் பலவற்றில் டிபிஎம் வசதி, பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இன்டெல் மதர்போர்டுகளில் அது பிடிடி என்ற பெயரிலும், ஏஎம்டி மதர்போர்டுகளில் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் இருக்கும். அதை இயக்கிவிட்டாலே போதும். நான்காம், ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளுக்கு எஸ்எஸ்டி மாட்டி, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட் போன்ற இயங்குதளத்தை ஏற்றுவது நேர்மையான ஒரு வழி. மின்ட் 22-ஆம் பதிப்புக்கு 2029 ஏப்ரல் வரை புதுப்பிப்புகள் உண்டு. குரோம், காணொளி அழைப்பு, தமிழ்99 தட்டச்சு எல்லாம் அதில் வேலை செய்யும். விண்டோஸுக்காகவே எழுதப்பட்ட டேலியை நம்பிக் கணக்கு எழுதுகிறவருக்கு மட்டும் இந்த வழி ஒத்துவராது. அவரை லினக்ஸுக்குத் தள்ளிவிடுவது அவர் பிழைப்பில் கை வைப்பதாகும். 2011 முதல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பல வீடுகளில் இன்னும் பரண் மேல் இருக்கின்றன. அவற்றில் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்தவை 2 ஜிபி ரேமோடு வந்தவை. பாசத்துக்காக வைத்துக்கொள்ளலாம், பணம் செலவழிக்க வேண்டாம்.

மதர்போர்டே போய்விட்டது, அல்லது டேலி வேண்டும், அல்லது பழையதோடு இனி மல்லுக்கட்ட முடியாது என்று முடிவான பிறகுதான் வாங்குகிற பேச்சு வருகிறது. இந்த இடத்தில்தான் ஏமாற்றமும் அதிகம்.

ஈரோடு கருங்கல்பாளையம் சந்தையிலோ, ஆடியில் கூடும் அந்தியூர்ச் சந்தையிலோ மாடு வாங்கப் போகிறவர் 'நல்ல காங்கேயம் காளை' என்று விற்பவர் சொன்னதும் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. வயதை அறிய முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். இரண்டு பல்லா, நான்கு பல்லா, ஆறு பல்லா, கடை சேர்ந்ததா என்பதைக் கண்ட பிறகுதான் விலைப் பேச்சு தொடங்கும். கணினிக் கடையில் 'ஐ-ஃபைவ்', 'ஐ-செவன்' என்று சொல்லப்படுவதும் இனத்தின் பெயரைப் போன்றதுதான். வயது அதில் இல்லை. வயது அதற்குப் பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது. ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை; ஐ5-6500 என்றால் ஆறாம் தலைமுறை; ஐ3-12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. கடைசி மூன்று இலக்கங்களை மறைத்துவிட்டு மீதியைப் படித்தால், மேசைக் கணினிகளில் தலைமுறை தெரிந்துவிடும்.

என் சித்தப்பா ஒருவர், மகளுக்காக ஒரு செகண்ட் ஹேண்ட் கணினி வாங்கினார். 'ஐ-செவன் மெஷினுங்க, இதுக்கு மேல ஒண்ணுமே இல்லீங்க' என்று கடையில் சொன்னார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தபோது அது ஐ7-2600. 2011-இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை. அந்தக் காலத்தில் அது உயர்ந்த பிராசசர்தான், அதில் ஐயமில்லை. ஆனால் விண்டோஸ் 11 அதில் முறைப்படி ஏறாது. யூடியூப் இன்று காணொளிகளை அனுப்பும் விபி9, ஏவி1 என்ற சுருக்கு முறைகளை விரித்துக் காட்டத் தனிச் சுற்று எதுவும் அதற்குள் கிடையாது. எனவே படம் ஓடும்போதெல்லாம் பிராசசர் முழுமூச்சாக உழைத்துச் சூடேறும். 2022-இல் வந்த ஐ3-12100, பெயரில் 'மூன்று' என்று இருந்தாலும், அதே நான்கு கோர்களோடு (ஒரே நேரத்தில் வேலை செய்யும் உட்பிரிவுகள்) அதைவிட மிக வேகமாக வேலை செய்யும், மின்சாரமும் குறைவாகவே எடுக்கும். விபி9 வசதி இன்டெலில் ஏழாம் தலைமுறையில் முழுமையடைந்தது. ஏவி1 பதினோராம் தலைமுறையில் வந்தது. சித்தப்பா அந்தக் கடைக்குத் திரும்பிப் போனபோது, பில் இல்லாமல் வாங்கியதால் எதுவும் செய்ய முடியவில்லை. மூன்று மாதச் சீட்டுப் பணம் அது. ஒரே ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் தப்பித்திருக்கலாம்: 'எந்த ஜெனரேஷனுங்க?'

மடிக்கணினிகளில் இந்தப் பல்லைப் பிடிப்பது இன்னும் கடினம், ஏனென்றால் நிறுவனங்களே எண்களைக் குழப்பி வைத்திருக்கின்றன. ஏஎம்டியின் ரைசன் 5 7520யு என்ற பிராசசர் 2022-இல் வெளிவந்தது. முதல் இலக்கம் ஏழு. ஆனால் அதன் உள்கட்டமைப்பு 2019-இல் வந்த சென் 2 என்ற வடிவமைப்பு. மூன்றாவது இலக்கமான இரண்டுதான் அந்த உண்மையைச் சொல்கிறது. இன்டெலும் 2023 டிசம்பரிலிருந்து 'ஐ' எழுத்தை விட்டுவிட்டு 'கோர் அல்ட்ரா' என்றும், அடுத்து வெறும் 'கோர் 5' என்றும் பெயரிடத் தொடங்கிவிட்டது. பெயர் மாறிவிட்டதாலேயே எல்லாம் புதியது என்று எண்ணிவிடக் கூடாது.

குறைந்த செலவில் மாற்றுகிறவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, நிறுவன அலுவலகங்களில் சில ஆண்டுகள் ஓடிவிட்டு வெளியே வரும் சிறிய மேசைக் கணினிகளைத்தான். நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் ஒரே மாதிரியான கணினிகளை வாங்கி, உத்தரவாதக் காலம் முடிந்ததும் மொத்தமாக மாற்றிவிடுகின்றன. டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் ஆகியவை இப்படி வருபவை. அலுவலகத்துக்காகச் செய்யப்பட்டவை என்பதால் கட்டுமானம் உறுதியாக இருக்கும். ரேமையும் எஸ்எஸ்டியையும் ஒரு திருகாணியைக் கழற்றி மாற்றிவிடலாம். உதிரிப் பாகங்களும் கிடைக்கும். இவற்றிலும் பல் பார்க்க வேண்டும். ஆப்டிபிளெக்ஸ் 7050-க்கும் 7060-க்கும் பெயரில் ஓர் எண்தான் வேறுபாடு. முன்னது ஆறு அல்லது ஏழாம் தலைமுறை, பின்னது எட்டாம் தலைமுறை. எலைட்டெஸ்க் 800 என்பதில் ஜி3 என்றால் பழைய பக்கம், ஜி4 என்றால் புதிய பக்கம். திங்க்சென்டரில் எம்710க்யூ பழையது, எம்720க்யூ புதியது. விலையில் இரண்டாயிரம் ரூபாய் குறைகிறது என்பதற்காக எட்டாம் தலைமுறைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதை வாங்கினால், இரண்டு ஆண்டில் இதே கேள்வி மறுபடியும் வாசலில் வந்து நிற்கும்.

இவற்றுக்கு ஒரு குறையும் உண்டு. நடுத்தர அளவிலான பெட்டிகளில், பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் அந்தந்த நிறுவனத்தின் தனி அளவில், தனி இணைப்போடு இருக்கும். நம் ஊர்க் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் அதற்குள் பொருந்தாது. கையில் அடங்கும் மிகச் சிறிய வகையிலோ, மின்சாரம் மடிக்கணினிக்கு உள்ளது போன்ற வெளி அடாப்டர் வழியாக வருகிறது. அடாப்டர் போனால் அடாப்டரை மட்டும் மாற்றினால் போதும். இந்த ஒரு காரணத்துக்காகவே, தோட்டத்து வீடான சாளையிலும் மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களிலும் இருப்பவர்கள் சிறிய வகையை எடுப்பது நல்லது என்பது என் கருத்து. வைஃபை பலவற்றில் இருக்காது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

புதிதாகவே வேண்டும் என்பவர்களுக்கு, இன்டெல் என்100 பிராசசரோடு வரும் சிறு கணினிகள் இருக்கின்றன. 2023 தொடக்கத்தில் வெளிவந்த இந்தப் பிராசசருக்கு நான்கு கோர்கள். மின்தேவை 6 வாட் என்ற அளவில் வகுக்கப்பட்டது. ஏவி1 காணொளியையும் விரித்துக் காட்டும். வீட்டு வேலைக்குத் தாராளமாகப் போதும். ரேம் போடும் இடம் பெரும்பாலும் ஒன்றே இருக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மலிவு விலைப் புது மடிக்கணினி என்ற வகையில்தான் எனக்குத் தயக்கம் அதிகம். இரண்டே கோர்கள் கொண்ட செலரான் என்4020, மதர்போர்டோடு ஒட்டிப் பற்றவைத்த 4 ஜிபி ரேம், அதே போலப் பற்றவைத்த இஎம்எம்சி வகையிலான 64 ஜிபி சேமிப்பிடம் என்ற கூட்டணி, வாங்கிய முதல் ஆண்டிலேயே விண்டோஸ் புதுப்பிப்புக்கு இடமில்லாமல் திண்டாடும். அதைக் கூட்டவும் முடியாது, மாற்றவும் முடியாது. படிக்கிற பிள்ளை கல்லூரி விடுதிக்குத் தூக்கிச் செல்ல வேண்டும் என்றால் மடிக்கணினிதான் வேண்டும். அப்போதும் 8 ஜிபி ரேம், கூட்டிக்கொள்ள ஓர் இடம், 256 ஜிபிக்குக் குறையாத எஸ்எஸ்டி, 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரை என்பவற்றுக்குக் கீழே இறங்க வேண்டாம். தொகை எட்டவில்லை என்றால், புதிய மலிவு மடிக்கணினியை விட அலுவலகத்திலிருந்து வந்த பழைய உயர்தர மடிக்கணினியே மேல். அதன் பேட்டரிக்கு மட்டும் தனியாகச் செலவு ஒதுக்கிவிட வேண்டும்.

ரேம் பற்றி ஒரு சொல். 2025-இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான சர்வர் மையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொள்வதால், தயாரிப்பாளர்கள் தங்கள் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். மைக்ரான் நிறுவனம், க்ரூஷியல் என்ற பெயரில் நாம் கடையில் வாங்கிவந்த ரேம், எஸ்எஸ்டி வணிகத்திலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. 'இப்போதைக்கு 4 ஜிபி போதும், பிறகு சேர்த்துக்கொள்ளலாம்' என்று முன்பு நானே பலருக்குச் சொன்ன யோசனை, இந்த நிலையில் செல்லாது. வாங்கும்போதே 8 ஜிபி இருக்கிற கணினியாகப் பாருங்கள். டேலியும் பத்துப் பதினைந்து உலாவிப் பக்கங்களும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் வீடு என்றால் 16 ஜிபி. பழைய கணினியில் டிடிஆர்4 என்ற வகை ரேம் இருந்தால், அதைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியை விற்பது புத்திசாலித்தனம். டிடிஆர்3 என்றால் புதியதில் பொருந்தாது. இரண்டிலும் வெட்டுக்குறி வெவ்வேறு இடத்தில் இருக்கும், அழுத்திப் பார்த்து உடைத்துவிட வேண்டாம்.

மின்சாரத்தைப் பற்றிப் பேசாமல் கணினி வாங்குவது, தண்ணீர் பார்க்காமல் தென்னை வைப்பது போல. தோட்டத்துச் சாளைகளில், மும்முனை மின்சாரம் வந்து சுற்று வட்டாரத்து மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் விளக்கு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இறக்கத்தில் கணினி அணைந்து மறுபடி எழுவதும், அப்படி எழும்போது ஒரு கோப்பு பாதி எழுதப்பட்ட நிலையில் கெட்டுப்போவதும் நடக்கும். ஐப்பசி மழையில் விழும் இடி இன்னொரு தனிக் கேடு. எர்த் சரியாக இல்லாத வீட்டில் எந்த எக்ஸ்டென்ஷன் பலகையாலும் காப்பாற்ற முடியாது. கணினிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் பார்க்கச் செலவிடுவது வீண் இல்லை.

பல வீடுகளில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனால் மின்சாரம் போய் இன்வெர்ட்டர் பிடிப்பதற்குள் மேசைக் கணினி அணைந்துவிடுகிறது என்று சொல்வார்கள். பெரும்பாலான இன்வெர்ட்டர்களின் பின்புறத்தில் 'யுபிஎஸ் மோடு' என்று ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. அதை மாற்றி வைத்தால் கைமாறும் நேரம் குறைந்து, கணினி அணையாமல் நிற்கும். தனி யுபிஎஸ் வாங்குவதானால் அதன் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண வீட்டு யுபிஎஸ்ஸில் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. பெருக்கிப் பார்த்தால் 84 வாட்-மணி. இழப்புகளைக் கழித்தால், 80 வாட் எடுக்கும் கணினிக்கு அரை மணி நேரம் வந்தாலே அதிகம். மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை ஒன்பது மணியிலிருந்து மின்சாரம் இருக்காது என்றால், அதற்கு யுபிஎஸ் மருந்தாகாது. வேலையைச் சேமித்து ஒழுங்காக அணைப்பதற்கான நேரத்தை மட்டும் அது தரும்.

மின்கட்டணத்திலும் வேறுபாடு தெரியும். பழைய பெட்டியும் மானிட்டரும் சேர்ந்து 100 வாட் எடுக்கிறது, நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். சிறு கணினியும் மானிட்டரும் சேர்ந்து 40 வாட் என்றால் 14 யூனிட் சொச்சம். படிப்படியாக ஏறும் நம் கட்டண முறையில், அடுத்த படிக்குத் தாவாமல் எல்லையில் நிற்க முயலும் வீட்டுக்கு 22 யூனிட் என்பது கவனிக்க வேண்டிய அளவுதான்.

மானிட்டர் நன்றாக இருந்தால் அதை மாற்ற வேண்டியதில்லை. பழைய பதினெட்டரை அங்குல மானிட்டர்களில் விஜிஏ இணைப்பு மட்டும் இருக்கும். சிறு கணினிகளில் டிஸ்ப்ளே போர்ட்டோ எச்டிஎம்ஐயோ இருக்கும். இடையில் ஒரு கன்வெர்ட்டர் போட்டால் வேலை முடிந்தது. கீபோர்டு, மவுஸ், பிரின்டர் எல்லாம் பழையவையே ஓடும். பிரின்டருக்கு மட்டும் விண்டோஸ் 11-க்கான டிரைவர் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

காந்திபுரத்துக் கடையிலோ உங்கள் ஊர்க் கடையிலோ, பணம் கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல கடைக்காரர் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். டாஸ்க் மேனேஜரில் பிராசசரின் முழுப் பெயர், ரேம் அளவு, எத்தனை ரேம் இடம் காலியாக உள்ளது என்பவை தெரியும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டினால், எஸ்எஸ்டியின் நலமும் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதும் வந்துவிடும். புத்தம் புதியது என்று சொல்லப்பட்ட எஸ்எஸ்டி ஒன்றில் பல ஆயிரம் மணி நேரம் ஓடிய கணக்கு தெரிந்தால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். செட்டிங்ஸுக்குள் போய் விண்டோஸ் முறைப்படி ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்து நிறுவனக் கணினிகளில் உரிம எண் மதர்போர்டுக்குள்ளேயே பதிக்கப்பட்டிருப்பதால், முறையாக ஏற்றியிருந்தால் அது தானாகவே ஆக்டிவேட் ஆகும். திருட்டுச் சாவி போட்டுத் திறந்த கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது, பூட்டைச் செய்தவனிடமே ஒரு சாவியைக் கொடுத்துவிட்டு வருவதற்குச் சமம். யூடியூபில் ஒரு படத்தைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, விசிறிச் சத்தத்தைக் கேளுங்கள். எல்லா யுஎஸ்பி இடங்களிலும் பென்டிரைவைச் செருகிப் பாருங்கள். கடைசியாக, சீரியல் எண்ணோடு ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். கணினிக்கு வரி 18 சதவீதம். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்று சொன்னால், குறைவது உங்கள் உத்தரவாதம்தான்.

பழைய கணினியைப் பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவிடுங்கள். அதற்கான யுஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டால், காதுகுத்து, சீர், புதுமனை புகுவிழாப் படங்கள் எல்லாம் அப்படியே திறக்கும். புதியதில் ஒரு நகல், அந்த டிஸ்க்கில் ஒரு நகல் என்று இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். புதிய கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழையும்போது, விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி உங்களிடம் தனியாகக் கேட்காமலே பூட்டப்பட்டுவிடுவது உண்டு. நாளைக்கு மதர்போர்டு போனால், 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண் இல்லாமல் அந்த எஸ்எஸ்டியை எவராலும் திறக்க முடியாது. அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். பார்த்து ஒரு தாளில் எழுதி, பழைய டிஸ்க்கோடு சேர்த்துக் காட்டுப் பத்திரம் இருக்கும் பெட்டியில் வைத்துவிடுங்கள்.